கோப்பைத் தொடாதீர்கள், முதலில் வெர்ஷனைப் பாருங்கள்

ரிப்போவை குளோன் பண்ணி, ரீட்மீயில் இருக்கிற நாலு வரியை டெர்மினலில் ஒட்டினால் பத்து நிமிடத்தில் டாக்கரில் ஓட வேண்டிய மென்பொருள். ஓடவில்லை. 'அன்சப்போர்ட்டட் கான்ஃபிக் ஆப்ஷன் ஃபார் சர்வீசஸ்' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால், கம்போஸ் கோப்பின் (எந்தெந்த கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கோப்பு) தலையில் 'வெர்ஷன்: 3' சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தாயிற்று. இப்போது 'டிபெண்ட்ஸ் ஆன்' பகுதி தப்பாம், அது வெறும் பட்டியலாக இருக்க வேண்டுமாம். பட்டியலாக மாற்றினால் கன்டெய்னர்கள் எழுந்துகொள்கின்றன, ஆனால் டேட்டாபேஸ் தயாராகும் முன்பே செயலி போய்க் கதவைத் தட்டி, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' வாங்கிக்கொண்டு விழுகிறது. அதற்கு ஒரு 'ஸ்லீப் 30'. மாலை டீ வருவதற்குள் கோப்பில் பதினைந்து வரி மாறியிருக்கும். ஓஎம்ஆரில் பக்கத்து சீட்டுக்காரரின் லேப்டாப்பில் அதே ரிப்போ, ஒரு எழுத்துகூட மாறாமல், ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோப்பில் தப்பே இல்லை. உபுண்டு 20.04-இல் 'ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்-கம்போஸ்' என்று அடித்தால் வருவது 1.25.0. வெர்ஷன் வரி இல்லாத கோப்பைச் சரியாகப் படிக்கிற பழக்கம் 1.27-இல்தான் வந்தது. அதற்கு முந்தையது, வெர்ஷன் வரி இல்லாவிட்டால் 'இது ஆதிகாலத்து முதல் வடிவம்' என்று முடிவுகட்டி, 'சர்வீசஸ்' என்ற தலைப்பையே ஒரு சர்வீஸின் பெயராக எடுத்துக்கொள்ளும். 'டேட்டாபேஸ் ஆரோக்கியமாக இருந்தால் மட்டும் கிளம்பு' என்கிற நிபந்தனையை 3-ஆம் வடிவக் கோப்பில் ஏற்பதும் அந்த 1.27-இலிருந்துதான். பிழைச்செய்தி கோப்பின் பெயரைச் சொல்வதால் எல்லோரும் கோப்பைத் திருத்தப் போகிறார்கள். கருவி தன் வயதைத் தானே சொல்லாது.

(கட்டளைகளைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாயால் சொல்வது போலத்தான் கீழே எழுதியிருக்கிறது. அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். இடைவெளி எங்கே, ஹைஃபன் எங்கே என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான்.)

யாருக்கு எத்தனை வயசு

டாக்கர் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது ஒரு கூட்டுக் குடும்பம். கட்டளை வாங்குகிற கிளையன்ட், பின்னால் வேலை செய்கிற என்ஜின், பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்புகிற கம்போஸ், இமேஜ் கட்டுகிற பில்ட்எக்ஸ், கன்டெய்னருக்கு அச்சாக நாம் இழுத்து வருகிற இமேஜ், அடியில் கர்னல். ஒவ்வொன்றும் வேறு வேறு வாசல் வழியாக வந்திருக்கும். என்ஜின் உபுண்டுவின் சொந்தக் கிடங்கிலிருந்து, கம்போஸ் யாரோ கர்ல் போட்டு இறக்கிய பைனரியாக, பில்ட்எக்ஸ் இல்லவே இல்லாமல். ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன ஸ்னாப் டாக்கர் இருக்கும். கல்லூரி லேபில் ஒரே வட்டை நாற்பது இயந்திரங்களுக்கு நகலெடுத்திருப்பார்கள், அந்த வட்டு தயாரான வருடத்தோடு காலம் அங்கே நின்றிருக்கும்.

எந்தப் பிழையாக இருந்தாலும் முதலில் 'டாக்கர் வெர்ஷன்'. வெர்ஷனுக்கு முன்னால் ஹைஃபன் போட்ட சுருக்க வடிவம் வேண்டாம், அது கிளையன்ட்டின் எண்ணை மட்டும் சொல்லி ஏமாற்றும். ஹைஃபன் இல்லாத வடிவம் கிளையன்ட், சர்வர் என்று இரண்டு பத்தி காட்டும். சர்வர் பத்தியில் 'ஏபிஐ வெர்ஷன்' (மற்ற கருவிகள் என்ஜினோடு பேசும் மொழியின் எண்) என்ற வரியையும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மினிமம் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1.41 என்றால் என்ஜின் 20.10. 1.44 என்றால் 25.0. இந்த இரண்டு எண்கள் மனதில் இருந்தால் பின்னால் வருகிற பல செய்திகளைப் பார்த்தவுடன் படித்துவிடலாம்.

அடுத்து 'டாக்கர் கம்போஸ் வெர்ஷன்', பிறகு ஹைஃபன் போட்ட 'டாக்கர்-கம்போஸ் வெர்ஷன்'. இரண்டும் பதில் சொன்னால் உங்கள் இயந்திரத்தில் இரண்டு கம்போஸ் இருக்கிறது என்று அர்த்தம். 'டைப் -ஏ டாக்கர்-கம்போஸ்' அடித்தால் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையாக வரும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் ஒன்று இருந்தால் அது கையால் இறக்கியது. ஆப்ட் அதை ஒருநாளும் புதுப்பிக்காது, அது இருப்பதே ஆப்ட்டுக்குத் தெரியாது. அதை அழித்த பிறகும் பாஷ் பழைய பாதையையே நினைவில் வைத்துக்கொண்டு 'நோ சச் ஃபைல்' என்று அடம்பிடிக்கும். 'ஹேஷ் -ஆர்' அடித்தால் மறந்துவிடும்.

இதில் அதிகம் பேர் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. கம்போஸ் இப்போது டாக்கரின் பிளகின். உங்கள் ஹோம் அடைவில் .டாக்கர்/சிஎல்ஐ-பிளகின்ஸ் என்ற இடத்தில் ஒரு கம்போஸ் இருந்தால், கணினி முழுவதற்கும் நிறுவியதை விட அதற்குத்தான் முன்னுரிமை. சூடோ போட்டு ஓட்டினால் ஹோம் அடைவு ரூட்டுடையதாகிவிடும், ஆகவே வேறு கம்போஸ் ஓடும். 'சூடோ போட்டால் ஓடுகிறது, போடாவிட்டால் ஓடவில்லை' என்றதும் எல்லோரும் பெர்மிஷன் பிரச்சினை என்று டாக்கர் குரூப்பைத் தோண்டுவார்கள். இரண்டு விதமாகவும் வெர்ஷன் கேட்டுப் பாருங்கள். எண்கள் வேறுபட்டால் ஹோமில் இருக்கும் பழையதை எடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக 'டாக்கர் இன்ஃபோ'. அதில் ஸ்டோரேஜ் டிரைவர், சிகுரூப் வெர்ஷன், கர்னல் வெர்ஷன் மூன்றையும் குறித்து வையுங்கள். கூடவே 'யூநேம் -எம்'. பதில் ஐ686 என்று வந்தால் அது 32 பிட் இயங்குதளம். இன்டெல் 32 பிட்டுக்கு டாக்கர் நிறுவனம் பொதி தருவதில்லை, அங்கே மெனக்கெட வேண்டாம்.

வயதோடு சம்பந்தமே இல்லாத ஒன்றையும் இங்கேயே கழித்துவிடலாம். துரைப்பாக்கம் பிஜியிலோ கல்லூரி ஹாஸ்டலிலோ இருந்து இமேஜ் இழுக்கும்போது 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால் கருவியில் கோளாறில்லை. லாகின் செய்யாதவர்களுக்கு டாக்கர் ஹப் ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 இழுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. கட்டிடம் முழுக்க ஒரே ஐபியில் வெளியே போகிறது. 'டாக்கர் லாகின்' போட்டால் உங்கள் கணக்கு தனியாகிவிடும்.

ஹைஃபன் போனது எப்போது

பழைய கம்போஸ் பைத்தானில் எழுதியது, ஹைஃபன் உள்ள தனிக் கட்டளை. புதியது கோ மொழியில் எழுதியது, டாக்கருக்குள் பிளகினாக உட்காருகிறது, நடுவில் இடைவெளி. பழைய வரிசையின் கடைசி வெளியீடு 2021-இல் வந்த 1.29.2. 2023 நடுவில் அதற்கு ஆதரவை அதிகாரபூர்வமாக முடித்துவிட்டார்கள். ஆனால் உபுண்டு 22.04-இலும் டெபியன் 12-இலும் 'டாக்கர்-கம்போஸ்' என்ற பெயரில் கேட்டால் இன்றும் அந்த 1.29.2-தான் வருகிறது. கிடங்கில் இருப்பதாலேயே அது நடப்பு வெர்ஷன் என்று நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது எல்லாம்.

1.29.2-இடம் 'நேம்' என்ற மேல்நிலை வரியுள்ள கோப்பைக் கொடுத்தால் 'டஸ் நாட் மேட்ச் எனி ஆஃப் த ரெஜெக்ஸஸ்' என்று சொல்லும். அதாவது, எனக்கு இந்தச் சொல் தெரியாது என்கிறது. அவ்வளவுதான். ஆனால் இதைவிடக் குழப்பமான செய்தி ஒன்று இருக்கிறது: 'கீஎரர்: கன்டெய்னர்கான்ஃபிக்'.

இதன் விசேஷம், முதல்முறை 'அப்' போடும்போது வராது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸில் ஏதாவது மாற்றிவிட்டு மறுபடி 'அப்' போடும்போது வரும். அதனால் எல்லோரும் தாங்கள் கடைசியாகச் செய்த மாற்றத்தைச் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் நடப்பது இது. கன்டெய்னரை மறுபடி உருவாக்கும்போது, பழைய கன்டெய்னரில் இருந்த வால்யூம்களை, அதாவது தரவு தங்கும் இடங்களை, புதியதற்குக் கடத்த வேண்டும். அதற்காக பைத்தான் கம்போஸ் இமேஜின் விவரத்தில் 'கன்டெய்னர்கான்ஃபிக்' என்ற பகுதியைத் திறந்து பார்க்கும். புதிய என்ஜின்கள் அந்தப் பகுதியை அனுப்புவதில்லை. இல்லாத சாவியைக் கேட்டதால் பைத்தான் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

விழுந்த இடத்தில் ஒரு குப்பையும் மிஞ்சும். மாற்றத்துக்குத் தயாராவதற்காகப் பழைய கன்டெய்னரின் பெயருக்கு முன்னால் பன்னிரண்டு எழுத்து ஐடியை ஒட்டி ஏற்கெனவே பெயர் மாற்றியிருக்கும். 'டாக்கர் பிஎஸ் -ஏ' பார்த்தால் ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த தலையோடு ஒரு கன்டெய்னர் நிற்கும். அதை 'டாக்கர் ஆர்எம்' போட்டு எடுத்துவிட்டு, இடைவெளி உள்ள புதிய கம்போஸில் 'அப் -டி' போடுங்கள். பழையதிலேயே 'டவுன்' போட்டுவிட்டு 'அப்' போட்டாலும் அன்றைக்கு ஓடும், அடுத்த மாற்றத்தில் மறுபடி விழும். அவசரத்தில் 'டவுன் -வி' மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்த ஒரு 'வி' உங்கள் பெயரிட்ட வால்யூம்களையும், அதாவது டேட்டாபேஸையும், சேர்த்து அழித்துவிடும். இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளில் பாதி அந்த 'வி'யோடுதான் இருக்கிறது.

பழைய கம்போஸுக்கு வேறு வழிகளிலும் மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. பைத்தான் 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' நீக்கப்பட்டது, ஆகவே உபுண்டு 24.04-இல் 'நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்'. பிப் மூலம் நிறுவப் போனால் அது கேட்கிற பழைய பைஎயாமில், சைதான் 3 வந்த பிறகு பில்ட் ஆகாமல் நிற்கும். எப்படியோ நிறுவிவிட்டாலும், 2024 மே மாதம் வந்த ரிக்வெஸ்ட்ஸ் 2.32-உடன் சேர்ந்தால் 'நாட் சப்போர்ட்டட் யூஆர்எல் ஸ்கீம் ஹெச்டிடிபி+டாக்கர்'. இந்த மூன்றுக்கும் மூன்று விதமாகப் பழைய நூலகங்களைப் பின்னோக்கி இறக்கும் வைத்தியம் சொல்கிறார்கள். வேண்டாம். ஆதரவு முடிந்த மென்பொருளை ஓட வைக்க சிஸ்டம் பைத்தானைக் கெடுப்பது, பல் வலிக்குத் தலையை வெட்டுகிற கதை.

ஒரு சின்ன இடைஞ்சல்: பல ப்ராஜெக்டுகளின் செட்டப் ஸ்கிரிப்ட்டே 'டாக்கர்-கம்போஸ் இருக்கிறதா' என்று ஹைஃபனோடு தேடும். புதியது சரியாக இருந்தும் 'கம்போஸ் நிறுவவும்' என்று சொல்லி வெளியேறும். அங்கே மட்டும் ஸ்கிரிப்ட்டைத் திருத்துவதில் தப்பில்லை. அல்லது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் 'டாக்கர்-கம்போஸ்' என்ற பெயரில், வாங்கிய வாதங்களை அப்படியே 'டாக்கர் கம்போஸ்' கட்டளைக்குக் கடத்துகிற இரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் வையுங்கள்.

நேற்று வரை ஓடியது, ஒன்றுமே மாற்றவில்லை

இந்த வாக்கியம் பெரும்பாலும் பொய் என்று சொல்வார்கள். ஒரு இடத்தில் மட்டும் அது சத்தியம்.

டாக்கர்ஃபைலின் முதல் வரி 'ஃப்ரம் பைத்தான்:3.11'. பழைய சர்வர், என்ஜின் 20.10.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் தொடக்கம் வரை ஓடியது. பிறகு ஒருநாள் 'கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட்'. நோட் இமேஜ் என்றால் எழும்போதே 'யூவி த்ரெட் கிரியேட்' என்ற இடத்தில் அசெர்ஷன் ஃபெயில் ஆகி விழும். கோ நிரல் என்றால் 'பித்ரெட் கிரியேட் ஃபெயில்ட்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. எல்லாமே ஒரே நோய்.

2023 ஜூனில் டெபியன் 12, அதாவது புக்வார்ம், வெளியானது. 'பைத்தான்:3.11' என்ற டேக் அதுவரை டெபியன் 11 புல்ஸ்ஐ மேல் நின்றது, அதற்குப் பிறகு புக்வார்ம் மேல் ஏறியது. டேக்கின் பெயர் அதேதான், அடித்தளம் வேறு. புல்ஸ்ஐயில் ஜிலிப்சி (நிரல்கள் கர்னலோடு பேச உதவும் அடிப்படை சி நூலகம்) 2.31. புக்வார்மில் 2.36. நடுவில் 2.34-இல் ஒரு மாற்றம் வந்தது: புதிய த்ரெட் உருவாக்க ஜிலிப்சி முதலில் 'குளோன்3' என்ற புதிய சிஸ்டம் காலை (கர்னலிடம் வைக்கும் வேண்டுகோள்) கேட்டுப் பார்க்கும். 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்று, ஈநோசிஸ் என்று, பதில் வந்தால் பழைய 'குளோன்' வழிக்குப் போய்விடும். பிரச்சினை, பழைய டாக்கரின் செக்காம்ப் வடிகட்டி, அதாவது எந்த சிஸ்டம் காலை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல், அந்தப் பதிலைச் சொல்லாது. அனுமதிப் பட்டியலில் இல்லாத எதற்கும் அது சொல்லும் பதில் ஈபெர்ம், 'அனுமதி இல்லை'.

அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 'அந்த பேர்ல இங்க யாரும் இல்ல சார்' என்றால் நீங்கள் அடுத்த பிளாக்கில் போய்க் கேட்பீர்கள். 'உள்ள விட முடியாது சார்' என்றால் திரும்பி வந்துவிடுவீர்கள். ஜிலிப்சியும் திரும்பி வந்துவிடுகிறது. த்ரெட் பிறக்கவில்லை, நிரல் விழுகிறது. டாக்கர் 20.10.10-இல் குளோன்3-க்கு மட்டும் ஈநோசிஸ் சொல்லும்படி மாற்றினார்கள். ஆகவே எல்லைக்கோடு 20.10.10. அதற்குக் கீழே இருந்தால் உபுண்டு 22.04, டெபியன் 12, அவற்றுக்குப் பிந்தைய எந்த இமேஜும் உங்கள் இயந்திரத்தில் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இந்த நோயின் இன்னொரு முகம் பில்ட் நடக்கும்போது தெரியும். 'ஆப்ட்-கெட் அப்டேட்' வரியில் 'அட் லீஸ்ட் ஒன் இன்வேலிட் சிக்னேச்சர்' என்று வரும், அல்லது 'போஸ்ட்-இன்வோக்' ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று வரும். பார்த்தவுடன் ஜிபிஜி சாவி காலாவதி என்று தோன்றும், சாவி தேடிப் போவார்கள். சாவிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வட்டு நிரம்பியிருந்தாலும் இதே சிக்னேச்சர் செய்தி வரும் என்பதால், முதலில் 'டிஎஃப் -ஹெச்' பார்த்து அதைக் கழித்துவிடுங்கள். பிறகு இரண்டு சோதனை.

ஒன்று, அதே இமேஜை 'செக்யூரிட்டி-ஆப்ட் செக்காம்ப்=அன்கன்ஃபைன்ட்' போட்டு ஓட்டுங்கள். ஓடினால் நோய் உறுதி. அதை அப்படியே கம்போஸ் கோப்பில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள், காவலையே எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. இரண்டு, டேக்கை 'பைத்தான்:3.11-புல்ஸ்ஐ' என்று மாற்றி ஓட்டுங்கள். ஓடினால், என்ஜினைத் தொட அனுமதி இல்லாத இடத்தில் அதையே தற்காலிகத் தீர்வாக வைத்துக்கொள்ளலாம். டேக்கில் டெபியன் பெயரையும் சேர்த்து எழுதுவது புதிய என்ஜினிலும் நல்ல பழக்கம்தான்.

ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் பக்கமும் இதே கதை, வேறு கதாபாத்திரம். ஆல்பைன் 3.14-இல் 'ஃபாக்செஸ்அட்2' என்ற சிஸ்டம் கால். பழைய என்ஜினிலோ பழைய லிப்செக்காம்ப்பிலோ (அந்த வடிகட்டிக்கான நூலகம்) 'மேக்' ஓட்டினால், 'எஸ்ஹெச்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வரும். 32 பிட் ராஸ்பெர்ரி பையில் பஸ்டர் (டெபியன் 10) காலத்து இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு ஆல்பைன் 3.13-இலேயே ஆரம்பித்துவிடும். கன்டெய்னருக்குள் 'டேட்' அடித்தால் தேதி எங்கோ இருக்கும், தேதி தப்பானதால் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று 'ஏபிகே' புலம்பும். நேரத்தை 64 பிட்டில் கேட்கிற புதிய அழைப்புகளை அங்கிருக்கும் லிப்செக்காம்ப் அறியாது என்பதுதான் காரணம். அங்கே இயங்குதளத்தையே மாற்றுவது மேல்.

பில்ட் பக்கம்

பில்ட் பிழைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், இவை தங்கள் காரணத்தைத் தாங்களே ஓரளவு சொல்லிவிடும். 'மவுன்ட் ஆப்ஷன் ரிக்வயர்ஸ் பில்ட்கிட்', 'சிஹெச்மாட் ஆப்ஷன் ரிக்வயர்ஸ் பில்ட்கிட்' என்று வந்தால் என்ஜின் 23.0-க்கு முந்தையது. 2023 பிப்ரவரியில் வந்த 23.0-இலிருந்துதான் லினக்ஸில் பில்ட்கிட் என்ற புதிய பில்ட் முறை இயல்பானது. 18.09 முதல் உள்ளே இருக்கிறது, 'டாக்கர்_பில்ட்கிட்=1' என்று முன்னால் போட்டால் விழித்துக்கொள்ளும். 'பில்ட்எக்ஸ் காம்போனென்ட் இஸ் மிஸ்ஸிங் ஆர் புரோக்கன்' என்றால் பிளகின் இல்லை. 'கம்போஸ் பில்ட் ரிக்வயர்ஸ் பில்ட்எக்ஸ் 0.17 ஆர் லேட்டர்' என்றால் கம்போஸை மட்டும் புதுப்பித்துவிட்டு பில்ட்எக்ஸை மறந்துவிட்டீர்கள். 'ஃப்ரம் நோட்:18 ஆஸ் பில்ட்' என்ற வரியையே 'இன்வேலிட் ரெஃபரன்ஸ் ஃபார்மேட்' என்று தள்ளினால், உங்களிடம் இருப்பது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய டாக்கர் 1.13. சென்ட்ஓஎஸ் 7-இல் 'யம் இன்ஸ்டால் டாக்கர்' கொடுத்தது அதைத்தான். பல அடுக்கு பில்ட் 17.05-இல் வந்தது.

எதிர்த்திசையும் உண்டு. என்ஜின் புதியது, இமேஜ் பழையது. டெபியன் ஸ்ட்ரெட்ச், பஸ்டர் மேல் நிற்கும் டாக்கர்ஃபைலில் 'ஆப்ட்-கெட் அப்டேட்' 404 கொடுக்கும், அந்தக் கிடங்குகள் ஆவணச் சர்வருக்குப் போய்விட்டன.

புதிய என்ஜின், பழைய உறவினர்கள்

2025 நவம்பரில் வந்த என்ஜின் 29, ஏபிஐ 1.44-க்குக் கீழே பேசுகிறவர்களோடு பேச மறுக்கிறது. 'கிளையன்ட் வெர்ஷன் 1.24 இஸ் டூ ஓல்ட், மினிமம் சப்போர்ட்டட் ஏபிஐ வெர்ஷன் இஸ் 1.44'. இதில் அடிபடுவது பெரும்பாலும் நீங்கள் டைப் செய்கிற கிளையன்ட் இல்லை. டாக்கர் சாக்கெட்டைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் ஓடும் பழைய டிராஃபிக் (வருகிறவர்களை உரிய கன்டெய்னருக்கு அனுப்பும் கருவியின் பெயர்), போர்ட்டெய்னர், டெஸ்ட்கன்டெய்னர்ஸ் நூலகம் இவைதான். டிராஃபிக் விஷயத்தில் அறிகுறி விசித்திரம்: டிராஃபிக் நன்றாக ஓடும், கன்டெய்னர்கள் எல்லாம் 'அப்' என்றிருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 404. எந்த கன்டெய்னருக்கு எந்த முகவரி என்ற பட்டியலை அது டாக்கரிடம் வாங்க முடியவில்லை. 'டாக்கர் லாக்ஸ்' பார்த்தால் மேலே சொன்ன வரி திரும்பத் திரும்ப ஓடும்.

சரியான தீர்வு அந்த உறவினர்களைப் புதுப்பிப்பது. அது முடியும்வரை /ஈடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன் கோப்பில் 'மின்-ஏபிஐ-வெர்ஷன்' என்ற சாவிக்கு '1.24' என்று எழுதி டீமனை, அதாவது பின்னால் ஓடும் என்ஜினை, மறுதொடக்கம் செய்யலாம். இரவில் தானாக அப்கிரேட் ஆகிற சர்வராக இருந்தால் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட் டாக்கர்-சிஇ' போட்டு வையுங்கள், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.

'கிளையன்ட் இஸ் டூ நியூ, மேக்ஸிமம் இஸ் 1.41' என்று தலைகீழாக வந்தால், புதிய கருவி ஒன்று 20.10 என்ஜினோடு பேசப் பார்க்கிறது. 'டாக்கர்_ஏபிஐ_வெர்ஷன்=1.41' என்று சூழல் மாறியை வைத்தால் பல கருவிகள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

மாற்றுகிற வேலை

என்ஜினை ஏற்றும் முன் 'டாக்கர் இன்ஃபோ'வில் குறித்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவரைப் பாருங்கள். ஓவர்லே2 என்றால் நிம்மதி. ஏயூஎஃப்எஸ் 24.0-இல் நீக்கப்பட்டது, டிவைஸ்மேப்பர் 25.0-இல் நீக்கப்பட்டது. அவற்றோடு நேராக ஏற்றினால் டீமன் எழவே எழாது. முதலில் பழைய என்ஜின் இருக்கும்போதே டேட்டாபேஸை டம்ப் எடுத்து, வேண்டிய இமேஜ்களை 'டாக்கர் சேவ்' போட்டு வெளியே வைத்துவிடுங்கள். ஸ்னாப் வழியாக வந்த டாக்கர் என்றால் தரவு /வார்/ஸ்னாப்/டாக்கர் அடியில் தனியாக இருக்கும், புதிய என்ஜின் அதைப் பார்க்காது. அங்கேயும் டம்ப் முதலில்.

பிறகு டாக்கர்.ஐஓ, டாக்கர்-கம்போஸ், போட்மேன்-டாக்கர், கன்டெய்னர்டி, ரன்சி ஆகியவற்றை 'ஆப்ட் ரிமூவ்' போட்டு எடுங்கள். 'பர்ஜ்' வேண்டாம். ரிமூவ் செய்தால் /வார்/லிப்/டாக்கர் அப்படியே இருக்கும். டாக்கர் நிறுவனத்தின் கிடங்கைச் சேர்த்து ஐந்து பொதிகளையும் ஒன்றாக நிறுவுங்கள்: டாக்கர்-சிஇ, டாக்கர்-சிஇ-சிஎல்ஐ, கன்டெய்னர்டி.ஐஓ, டாக்கர்-பில்ட்எக்ஸ்-பிளகின், டாக்கர்-கம்போஸ்-பிளகின். ஒரே வாசலில் வந்தால் ஒரே வயதில் இருக்கும்.

கிடங்கைச் சேர்க்கும் இடத்தில் மின்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு 404 வரும். 'எல்எஸ்பி_ரிலீஸ்' மின்ட்டின் சொந்தப் பெயரைச் சொல்லும், டாக்கர் கிடங்குக்கு அந்தப் பெயர் தெரியாது. /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் 'உபுண்டு_கோட்நேம்' என்ற வரியில் இருப்பதை எடுத்துப் போடுங்கள். நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதே சிக்கல். அது டெபியன் வழி வந்தது, அடியில் எந்த டெபியன் என்று பார்த்து அதன் பெயரைக் கையால் எழுத வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிற இடங்களில் டாக்கர்-சிஇ 26.1.4 வரை கிடைக்கும். ஆனால் 2024 ஜூன் 30-உடன் அதன் ஆயுள் முடிந்ததால் மிரர் பட்டியல் முகவரியே பதில் சொல்லாது. யம் கோப்புகளை வால்ட் முகவரிக்குத் திருப்பினால்தான் கன்டெய்னர்-செலினக்ஸ் இறங்கும்.

சூடோ இல்லாத லேபில் கம்போஸை மட்டுமாவது மாற்றலாம். ஹோமில் .டாக்கர்/சிஎல்ஐ-பிளகின்ஸ் அடைவை உருவாக்கி, கம்போஸ் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து லினக்ஸ் எக்ஸ்86_64 பைனரியை இறக்கி, 'டாக்கர்-கம்போஸ்' என்று பெயர் மாற்றி, 'சிஹெச்மாட் +எக்ஸ்' போடுங்கள். பிளகின்களை ஏற்கும் கிளையன்ட் இருந்தால் போதும், அதாவது 19.03 அல்லது அதற்கு மேல்.

ஏற்றியபின் தரவு காணாமல் போன மாதிரி தோன்றினால் பதறவேண்டாம். உபுண்டு 18.04-இல் வந்த கம்போஸ் 1.17.1, அடைவின் பெயரிலிருந்து ப்ராஜெக்ட் பெயர் எடுக்கும்போது ஹைஃபனையும் அடிக்கோட்டையும் உதறிவிடும். 1.21 முதல் உதறுவதில்லை. 'மை-ஆப்' என்ற அடைவு முன்பு 'மைஆப்', இப்போது 'மை-ஆப்'. வால்யூம் பெயரும் அதற்கேற்ப மாறி, வெற்று டேட்டாபேஸ் ஒன்று புதிதாக எழுந்திருக்கும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' அடித்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி நிற்கும். .என்வி கோப்பில் 'கம்போஸ்_ப்ராஜெக்ட்_நேம்=மைஆப்' என்று எழுதினால் பழைய தரவு திரும்பிவிடும்.

கன்டெய்னர் பெயரும் மாறுகிறது. பழையதில் 'ஆப்_டிபி_1', புதியதில் 'ஆப்-டிபி-1'. கிரானில் (நேரம் வைத்துக் கட்டளை ஓட்டும் வசதி) தினமும் இரவு 2 மணிக்கு 'டாக்கர் எக்ஸெக் ஆப்_டிபி_1' வழியாக டம்ப் எடுத்து ஜிஜிப் செய்கிற வரி இருந்தால், அது இனி கன்டெய்னரைக் கண்டுபிடிக்காது. ஆனால் பைப்பின் கடைசியில் இருக்கும் ஜிஜிப் வெற்றியோடுதான் முடியும், கோப்பும் தேதி போட்டு உருவாகும், மெயில் வசதி அமைக்காத இயந்திரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த வரியை 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் -டி டிபி' என்று சர்வீஸ் பெயரில் மாற்றுங்கள். அந்த 'டி' டெர்மினலின் முதல் எழுத்து, அதுவும் பெரிய எழுத்து. கிரான் ப்ராஜெக்ட் அடைவில் நிற்காது என்பதால் '-எஃப்' போட்டு கம்போஸ் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். மறுநாள் காலை பேக்கப் அடைவில் 'எல்எஸ் -எல்' அடித்துப் பாருங்கள். கோப்பு 20 பைட் என்று இருந்தால், ஜிஜிப் ஒன்றுமில்லாததைக் கட்டி வைத்திருக்கிறது.